தொட்டி எலுமிச்சையும் மார்கழிக் குளிரும்: கேளுங்க, சொல்றேன்

கிருஷ்ணகிரியில நாத்துப் பண்ணை வச்சிருக்கேன். எலுமிச்சை, நார்த்தை, சாத்துக்குடிக் கன்னுதான் பாதிப் பொழப்பு. தொட்டியில வளர்க்கிறவங்க குளிர்காலத்தைப் பத்திக் கேளுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு: தொட்டிக்கு அடியில தட்டு வச்சிருந்தா, அதைக் கழட்டி ஓரமா வச்சிட்டு வந்து கேளுங்க. தட்டுல தேங்கற தண்ணியிலேயே வேர் அழுகிடும்.

ஓசூர்: விதை போட்டு வந்த எலுமிச்சைக் கன்னு ஆறு, ஒரு சாண் உயரம். மாடியில ராத்திரி 12 டிகிரிக்கு இறங்குது. யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக்குள்ள எடுத்து வைக்கச் சொல்றார். எடுக்கட்டுமா அண்ணா?

வேண்டாம்க்கா. அவர் ஊர்ல தண்ணியே உறையும். எலுமிச்சை இலை குளிர்ல கருகணும்னா பூஜ்ஜியத்துக்குப் பக்கத்துல போகணும். ஓசூர் மாடியில அது நடக்காது. 13 டிகிரிக்குக் கீழ கன்னு வளர்றதை நிறுத்திக்கும், அவ்வளவுதான். தூங்குதுன்னு வச்சிக்கோங்க. வேரும் தண்ணி குடிக்கறதைக் குறைச்சிடும்.

நாம என்ன பண்றோம்? சித்திரையில ஊத்தின மாதிரியே தினம் ஒரு சொம்பு. மண்ணு காயறதில்ல, வேர் அழுகுது, இலை மஞ்சளாகுது. "ஐயோ, குளிர் தாங்கல"ன்னு இன்னொரு சொம்பு. மார்கழியில செத்துப்போச்சுன்னு என்கிட்ட தூக்கிட்டு வந்த தொட்டியில முக்கால்வாசி சொம்புலதான் செத்திருந்தது.

விரலை ரெண்டு கணு மண்ணுக்குள்ள விடுங்க. ஈரம் தட்டினா ஊத்தாதீங்க. நாலஞ்சு நாளுக்கு ஒரு தடவை போதும், அதுவும் வெயில் ஏறினப்புறம். இந்த மாசத்துல வெயில் தெக்கால சாஞ்சு வருது, அதனால தெக்குப் பார்த்த சுவர் ஓரமா வைங்க. பகல்ல சுவர் வாங்கின சூடு ராத்திரி கன்னுக்குக் கிடைக்கும். தொட்டியைத் தரையில வைக்காம ரெண்டு செங்கல் மேல வைங்க. வீட்டுக்குள்ள வச்சா வெளிச்சம் பத்தாம நோஞ்சானாகி, திரும்ப வெளிய வந்த அன்னிக்கே இலை வெந்துடும்.

தர்மபுரி: என் கன்னுல கீழ் இலை மஞ்சளாகுது.

மேல சொன்னதுதான். சொம்பைக் குறைங்க. தட்டு இருக்கா?

பாலக்கோடு: எனக்குக் கீழ இல்ல, புது இலைதான் மஞ்சள். நரம்பு மட்டும் பச்சை.

இது வேற கதை, நல்லா கவனிச்சிருக்கீங்க. மண்ணுல இரும்புச்சத்து இருக்கும், வேரால எடுக்க முடியாது. போர் தண்ணியா? சோப்பு நுரைக்காத தண்ணியை ஊத்த ஊத்த தொட்டி மண்ணுல காரத்தன்மை ஏறி இரும்பைப் பூட்டி வச்சிடும். ஐப்பசி மழைத் தண்ணி டிரம்ல இருந்தா அதை ஊத்துங்க. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வர்ற வீடா இருந்தா, அது குடிக்கத்தான், சரி. ஆனா அதுல அரிசி கழுவின தண்ணியைச் சாக்கடையில விடாதீங்க, கன்னுக்கு ஊத்துங்க. மண்ணுல மக்கின எரு சேருங்க. ஏற்கனவே மஞ்சளான இலை மாறலன்னா பயப்படாதீங்க, அடுத்து வர்ற தளிரைப் பாருங்க.

பென்னாகரம்: ஒரே விதையில மூணு கன்னு வந்திருக்கு! பிரிக்கலாமா?

எனக்குப் பிடிச்ச கேள்வி. எலுமிச்சை, கமலா விதைக்குள்ள ஒண்ணுக்கு மேல கருக்கள் இருக்கும். ஒண்ணு பூ மகரந்தம் சேர்ந்து உண்டானது. மத்ததெல்லாம் தாய் மரத்தோட திசுவிலிருந்தே வந்தது, அச்சு அசல் தாய்தான். அதனாலதான் விதைக் கன்னுலயும் அதே எலுமிச்சை கிடைக்குது. பெரும்பாலும் நோஞ்சானா நிக்கறது மகரந்தக் கன்னு. அதைக் கழிச்சிட்டுத் திடமா நிக்கறதை வச்சிக்கலாம். பம்பளிமாஸ்ல இந்தக் கதை நடக்காது, ஒரு விதைக்கு ஒரு கரு. நல்ல பழம்னு விதை போட்டா வேற ஏதாவது காய்க்கும். பிரிக்கறதை மாசிக்குத் தள்ளிப் போடுங்க. தூங்கற வேரைக் கிளறக் கூடாது.

காவேரிப்பட்டணம்: மாமரம் இன்னும் பூக்கலயே?

மாவுக்கு நான் ஆள் இல்ல. பையூர் ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கம்தான்.

அரூர்: இலை மேல பறவை எச்சம் மாதிரி புழு. தொட்டா சிவப்பா கொம்பு நீட்டுது, நாத்தம். கொல்லலாமா?

எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியோட குழந்தை. வளர்ந்தா பச்சையாயிடும். பெரிய மரத்துக்கு இதெல்லாம் கணக்கே இல்ல. பத்து இலைக் கன்னுன்னா ரெண்டே நாள்ல மொட்டை, குளிர்ல புதுத் தளிரும் வராது. கையால எடுத்துடுங்க.

ஓசூர் அக்கா: கொல்லாதீங்க! அது நம்ம மாநில வண்ணத்துப்பூச்சி.

இல்லக்கா. 2019ல அறிவிச்சது தமிழ் மறவன். இது வேற.

ஓசூர் அக்கா: எதுவா இருந்தா என்ன, உசுருதானே? கறிவேப்பிலைச் செடியில விட்டா அதையும் தின்னும். நான் அப்படித்தான் விடறேன்.

தின்னும், உண்மைதான். ரெண்டும் ஒரே குடும்பம்.

தர்மபுரி: யார் வீட்டுக் கறிவேப்பிலை? என் செடி போன வாரம் குச்சியா நின்னதுக்கு இப்பதான் காரணம் தெரியுது.

ஓசூர் அக்கா: ஓசூர்ல விட்ட புழு தர்மபுரிக்கு பஸ் பிடிச்சா வருது?

தர்மபுரி: புழு வராது. பூச்சி பறக்கும்ல?

அரூர்: என் கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்க. இப்பவே மூணு இலை போச்சு.

இப்படியே அரை மணி நேரம் போச்சு. என் முடிவு: வில்வ மரம் பக்கத்துல இருந்தா அதுல விடுங்க, அதையும் இந்தப் புழு தின்னும். மரம் தாங்கும், சண்டையும் இல்ல. இல்லன்னா கன்னா புழுவான்னு அவங்கவங்க மனசாட்சி.

கிருஷ்ணகிரி: இலையில பாம்பு ஊர்ந்த மாதிரி வெள்ளைக் கோடு.

இலைக்குள்ள குடையற புழு. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் தெளிங்க. சுருண்ட இலையைப் பிய்க்காதீங்க, பாதிப் பச்சையும் சோறு போடும்.

ஊத்தங்கரை: இலை மஞ்சள்...

தட்டு.

ஊத்தங்கரை: ஆமா, இருக்கு. அழகா இருக்கேன்னு வச்சேன்.

எடுங்க. நாலாவது தட்டு இன்னிக்கு.

தேன்கனிக்கோட்டை: இப்ப யூரியா போடட்டுமா? எப்பதான் உரம் வைக்கறது?

தூங்கறவனுக்குச் சோறு ஊட்டாதீங்க. தை கடந்து நுனியில தளிர் தெரிஞ்சதும், முதல்ல தண்ணியைக் கூட்டுங்க. ஒரு வாரம் கழிச்சு ஒரு கைப்பிடி மக்கின தொழு உரம். தளிர் விரிஞ்சப்புறம் லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட் இலையில தெளிக்கலாம். உங்க ஊர் குளிருக்குத் தளிர் எங்களுக்கு வர்றதை விடப் பத்துப் பதினைஞ்சு நாள் தாமதமாத்தான் வரும். காலண்டரைப் பார்க்காதீங்க, நுனியைப் பாருங்க.