யானைக்கால் ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தோம், சேமித்து வைக்கவும் சம்மதிக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு யானைக்கால் புழு இருக்கிறதா என்று பார்க்க இரவு பத்து மணிக்கு மேல் வந்து ரத்தம் எடுத்தார்கள். இருப்பதாகத் தெரிந்தது. மீதி ரத்தத்தை 'உயிரி வங்கி'யில், அதாவது பிற்கால ஆய்வுக்காக மாதிரிகளைச் சேமிக்கும் இடத்தில், வைக்கக் கையெழுத்துக் கேட்கிறார்கள். மறுத்தால் மருந்தை நிறுத்திவிடுவார்களா? பிறகு மனம் மாறினால் என்ன செய்வது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: மருந்தை நிறுத்த யாருக்கும் உரிமை இல்லை. சிகிச்சை வேறு, சேமிப்பு வேறு.

ஆனால் விஷயம் தெரிந்து சம்மதிப்பது நல்லது என்பேன். ஊர் ஊராக மாத்திரை கொடுத்ததில், புழு உள்ள ரத்தம் கிடைப்பதே அரிதாகி வருகிறது. ரத்தத்தில் புழு உண்டா, இல்லையா என்று காட்டும் புதிய பரிசோதனை அட்டை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அந்த ரத்தம்தான் வேண்டும். மத்திய ஆப்பிரிக்காவில் லோவா லோவா என்ற வேறொரு புழு உள்ளவர்களுக்கும் யானைக்கால் அட்டை 'உண்டு' என்று தவறாகக் காட்டியிருக்கிறது. இத்தகைய குழப்பத்தைத் தீர்க்க, எந்தப் புழு என்று முன்பே உறுதியான மாதிரிகள் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் தயாராக இருக்க வேண்டும். பணக்காரர் நோயாக இருந்தால் இதற்குக் கம்பெனிகள் வரிசையில் நிற்கும்.

மனம் மாறினால் மாதிரியைத் திரும்பப் பெறலாம். ஆனால் ஒரு விலக்கு உண்டு. இதைக் கவனமாகப் படியுங்கள். குழாயில் பெயருக்குப் பதில் ஓர் எண் ஒட்டி, அந்த எண் யாருடையது என்ற பட்டியலைத் தனியே வைத்திருந்தால், தேடி எடுத்து அழித்துவிடலாம். அந்தப் பட்டியலையே அழித்துவிட்டால், எது அம்மாவின் ரத்தம் என்று அவர்களுக்கே தெரியாது. அப்போது திரும்பப் பெற வழியில்லை. ஆகவே, "பட்டியல் இருக்குமா, இருக்காதா?" என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

எனக்கு எரிச்சல் மூட்டுவது படிவம்தான். ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக அச்சடித்து, கடைசிப் பக்கத்தை மட்டும் நீட்டுவார்கள். தமிழ்ப் படிவம் கேளுங்கள். இல்லை என்றால் நாளை வரச் சொல்லுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள், புரிகிற மொழியில் விளக்க வேண்டும் என்றுதான் சொல்கின்றன. காகிதத்தில் எல்லாம் ஒழுங்குதான்!

'இலவச முகாம்' என்று சொல்லி வெற்றுப் படிவத்தில் கைநாட்டு வாங்கும் இடைத்தரகர்களும் உண்டு. படிவத்தில் ஆய்வாளரின் பெயரும் ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண்ணும் இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். போக்குவரத்துச் செலவும் இழந்த கூலியும் தரலாம். ரத்தத்துக்கு விலை பேசுகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கையெழுத்திட்ட படிவத்தின் நகல் அம்மாவிடம் இருக்க வேண்டும்.