நகராட்சி ஜெனரேட்டர்: முதலில் குடிநீருக்கா, சாக்கடைக்கா?

கேள்வி: டெல்டா கடலோரத்தில் 40,000 பேர் வாழும் சிறு நகராட்சியில் வார்டு உறுப்பினராக இருக்கிறேன். குடிநீருக்கு ஒரு நீரேற்று நிலையம், அதில் 20 எச்.பி. மோட்டார் இரண்டு, ஒன்று ஓடும், மற்றது மாற்று. பாதாளச் சாக்கடைக்கு, கழிவுநீரை மோட்டாரால் தள்ளும் மூன்று உந்து நிலையங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது இரண்டு வாரம் கரண்ட் இல்லை. இப்போது குடிநீர் நிலையத்துக்கு 125 கே.வி.ஏ. திறனுள்ள ஜெனரேட்டர் வாங்கலாம் என்கிறார்கள். அது போதுமா?

பதில்: குடிநீருக்கு அது மிக அதிகம். சாக்கடைக்கோ ஒன்றுமே ஒதுக்கவில்லை. என்னைக் கேட்டால் முதல் ரூபாயைச் சாக்கடை நிலையத்தில்தான் போடச் சொல்வேன்.

குடிநீருக்கு மேல்நிலைத் தொட்டி இருக்கிறது. புயல் எச்சரிக்கை வந்த அன்றே விளிம்பு வரை ஏற்றி வைத்துவிட்டால், கரண்ட் போன பிறகும் தண்ணீர் தானாக இறங்கும். வால்வை எப்போது திறப்பது என்பதும் நம் கையில். சாக்கடைக்கு அப்படி ஓர் இருப்பு கிடையாது. கழிவுநீர் தேங்கினால் அழுகி விஷவாயு உண்டாகும் என்பதற்காக, நிலையத்துச் சேகரிப்புக் கிணற்றைச் சிறிதாகத்தான் கட்டுவார்கள். சாதாரண நாளிலேயே மோட்டார் நின்றால் அரை மணிக்குள் நிரம்பிவிடும். புயல் மழையில் மேன்ஹோல் மூடி வழியாகவும், மொட்டைமாடிக் குழாயைச் சாக்கடையில் விட்ட வீடுகள் வழியாகவும் வரத்து இன்னும் ஏறும். நிலையத்தில் நிற்பவருக்கு ஊரில் நடப்பது தெரியாது. பள்ளமான தெருவின் கடைசி வீட்டில் முதலில் குளியலறை ஓட்டை குளுக் குளுக்கென்று சத்தமிடும். பிறகு கழிப்பறைக் கோப்பையில் மட்டம் ஏறும். அடுத்தது நடுவீடு.

அந்தப் பதற்றத்தில்தான் யாரையாவது "இறங்கிப் பார்" என்று குழிக்குள் அனுப்புகிறார்கள். அங்கே தேங்கிய விஷவாயுவான ஹைட்ரஜன் சல்பைடு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை, கையால் மலம் அள்ளும் வேலைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சாக்கடை மோட்டாருக்கு ஜெனரேட்டர் வாங்குவது ஓர் உயிரைக் காப்பதும்தான் என்று மன்றக் கூட்டத்தில் சொல்லுங்கள்.

இனி அளவுக் கணக்கு. குழாய் உராய்வும் சேர்த்து 30 மீட்டர் உயரத்துக்கு, உங்கள் 20 எச்.பி. மோட்டார் மணிக்குச் சுமார் ஒரு லட்சம் லிட்டர் ஏற்றும். எட்டு மணி நேரம் ஓட்டினால் 8 லட்சம் லிட்டர், தலைக்கு 20 லிட்டர். வழக்கமான 135 லிட்டர் வராதுதான். ஆனால் பேரிடர் காலத்துக்கு உலக அளவில் சொல்லப்படும் குறைந்தபட்சம் 15 லிட்டர். ஆக ஒரு மோட்டார் போதும். மோட்டாரைக் குறைந்த கரண்டில் கிளப்பும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் இருந்தால் 40 கே.வி.ஏ. அளவு சரியாக வரும். நேரடி ஸ்டார்ட்டர் என்றால் கிளம்பும்போது ஆறேழு மடங்கு கரண்ட் இழுக்கும். ஜெனரேட்டரைப் பெரிதாக்காமல் ஸ்டார்ட்டரை மாற்றுங்கள். 125 கே.வி.ஏ.வில் இந்த ஒரு மோட்டாரை மட்டும் ஓட்டினால் சுமை இருபது சதவீதத்தைக்கூடத் தொடாது. முப்பதுக்குக் கீழே நெடுநேரம் ஓடும் டீசல் இன்ஜினில் எரியாத எண்ணெயும் கரியும் படிந்து, தேவையான நாளில் மக்கர் பண்ணும்.

அந்தப் பணத்தில் குடிநீருக்கு ஒன்று, பெரிய சாக்கடை நிலையத்துக்கு ஒன்று என நிலையாக வையுங்கள். மற்ற இரண்டு நிலையங்களுக்கும் சக்கர வண்டியில் ஏற்றிய ஒரே ஜெனரேட்டரை மாற்றி மாற்றி ஓட்டலாம், கிணறு நிரம்பும் நேரம் அதற்கு இடம் கொடுத்தால். வண்டி வந்தவுடன் இணைக்க, வெளிச்சுவரில் ஒரு பெட்டியும், மெயின் லைனைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்சும் இப்போதே பொருத்திவிட வேண்டும். சேஞ்ச்ஓவர் இல்லாமல் ஒயரைச் சொருகினால் ஜெனரேட்டர் கரண்ட் லைனுக்குத் திரும்பி ஏறும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் அதில் மாட்டிக்கொள்வார்.

பெட்டிக்குள் மூன்று ஒயருக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நாடா சுற்றுங்கள். ஒரு புயலுக்குப் பிறகு நான் போயிருந்த நிலையத்தில் ஜெனரேட்டர் ஓடுகிறது, மோட்டாரும் ஓடுகிறது, பிரஷர் கேஜ் முள் மட்டும் ஏறவில்லை. வால்வு அடைப்பென்று இரண்டு மணி நேரம் தேடினோம். அந்த மூன்றில் இரண்டு ஃபேஸ் ஒயர் இடம் மாறி, மோட்டார் தலைகீழாகச் சுற்றியிருக்கிறது. ஒயரை மாற்றியதும் ஒரு நிமிடத்தில் முள் எழுந்தது.

டீசலைப் பொறுத்தவரை, 20 எச்.பி. மோட்டாருக்கு மணிக்கு ஐந்து லிட்டர் என்று வையுங்கள். தினம் எட்டு மணி நேரம், ஒரு வாரத்துக்கு 280 லிட்டர். ஓர் இடத்தில் மொத்தம் 2,500 லிட்டருக்கு மிகாமலும், எந்தக் கலனும் 1,000 லிட்டரைத் தாண்டாமலும் இருந்தால் பெட்ரோலியச் சட்டப்படி உரிமம் தேவையில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழையதைச் செலவழித்துப் புதிது நிரப்புங்கள். ஜெனரேட்டர் கிளம்பாததற்குப் பெரும்பாலும் பேட்டரிதான் காரணம். மாதம் ஒருநாள் மெயினை அணைத்து, உண்மையான மோட்டாரையே ஓட்டிப் பார்க்க வேண்டும். ஜெனரேட்டர் நிற்கும் மேடை, 2015இல் வந்தது போன்ற பெருவெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் 2011 சுனாமியில் ஜெனரேட்டர்கள் மூழ்கியதுதான் பேரழிவானது.

குளோரின் கலக்கும் சிறு பம்பையும் ஜெனரேட்டரில் இணைக்க மறக்காதீர்கள். குழாயில் அழுத்தம் இறங்கிய நேரத்தில் கசிவுகள் வழியே வெளியிலிருந்து அழுக்கு நீர் உள்ளே புகும். தண்ணீர் திரும்ப விடும் முதல் நாள், கடைக்கோடிக் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

சாக்கடை மோட்டார்களின் எச்.பி.யை நீங்கள் எழுதவில்லை. அதோடு இன்னொன்றும் வேண்டும். மழையில்லாத ஒரு நாள், ஊரே குளிக்கும் காலை ஏழு மணிக்கு, ஆபரேட்டரை அருகில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நிலையத்திலும் மோட்டாரை நிறுத்துங்கள். கிணற்றில் மட்டம் உள்வரும் குழாயைத் தொட எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துவிட்டு உடனே ஓட்டிவிடுங்கள். அந்த மூன்று எண்களையும் அனுப்பினால், எந்த நிலையத்துக்குச் சொந்த ஜெனரேட்டர், எதற்கு வண்டி என்று சொல்லிவிடுகிறேன்.