செயற்கை ஈ கட்டப் பழகுவோருக்கு: நூலும் இறகும்

கேள்வி (குன்னூர்): ட்ரவுட் மீன் பிடிக்க, தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிச் செய்யும் செயற்கை ஈக்களை நானே கட்டிப் பழகுகிறேன். நான் வாங்கிய 6/0 நூல், காணொளியில் 6/0 என்று காட்டப்பட்ட நூலைவிடத் தடிமனாக இருக்கிறது. போலி நூலைத் தந்துவிட்டார்களா?

பதில்: போலியாக இருக்க வேண்டியதில்லை. 6/0, 8/0 ஆகிய எண்களுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் எதுவும் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் நூல்களுக்குத் தானே இட்டுக்கொண்ட எண்கள் அவை. டான்வில்லின் 6/0 நைலான் நூல் ஏறத்தாழ 70 டெனியர்; யூனியின் 6/0 பாலியெஸ்டர் நூல் ஏறத்தாழ 136 டெனியர். டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடையைக் கிராமில் சொல்வது. அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறாது. எனவே சுருளின் மேலுள்ள எண்ணை விட்டுவிட்டு, டெனியரைக் கேட்டு வாங்குங்கள். 8, 10 அளவுள்ள தூண்டில் முட்களுக்கு 140 டெனியரும், 12 முதல் 16 வரையிலான சிறிய முட்களுக்கு 70 டெனியரும் போதும். இந்த இரண்டு சுருள்கள், கறுப்பில் ஒன்றும் பழுப்பில் ஒன்றுமாக, முதல் ஆண்டை ஓட்டிவிடும்.

நூல் எதனால் ஆனது என்பதையும் பாருங்கள். நைலான் சற்று நீளும். இழுத்துக் கட்டியபின் சுருங்கி இறுக்கமாகப் பிடிக்கும். பாலியெஸ்டர் அவ்வளவு நீளாது. ஜெல்ஸ்பன் எனப்படும் பாலியெத்திலீன் நூல் மிக வலிமையானது. ஆனால் வழுக்கும், கத்தரிக்கோலின் கூரைக் கெடுக்கும், அழுத்திப் பிடித்தால் விரலையும் அறுக்கும். மான் மயிரைச் சுழற்றிக் கட்டும் நிலைக்கு வரும்வரை உங்களுக்கு அது வேண்டாம்.

முள்ளைச் சுற்றச் சுற்ற நூலில் முறுக்கு ஏறிக்கொண்டே போகும் என்பதைத் தொடக்கநிலைப் புத்தகங்கள் பலவும் சொல்வதில்லை. வலக்கையால் கட்டுபவர் அவ்வப்போது பாபினை (நூல் சுருளைத் தாங்கும் குழாயுள்ள கருவி) தொங்கவிட்டு, மேலிருந்து பார்க்கையில் இடஞ்சுழியாகச் சுழற்றினால் முறுக்கு பிரிந்து நூல் தட்டையாகும். தட்டையான நூல் உடல் பகுதியைப் பருக்க விடாது. மயிரைக் கடித்துப் பிடிக்க வேண்டிய இடத்தில் முறுக்கேற்றிக்கொள்ளலாம்.

கேள்வி (மதுரை): தையல் நூலில் கட்டலாமா?

பதில்: பெரிய முள்ளில், மெல்லிய பாலியெஸ்டர் தையல் நூலால் கட்டலாம், பருத்தி நூல் வேண்டாம். நூலே இல்லாமலும் கட்டியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் ஏவன் ஆற்றுக் காவலர் ஃபிராங்க் சாயர் நீருக்கடியில் வாழும் பூச்சியின் இளநிலையைப் போன்ற தம் புகழ்பெற்ற ஈயான ஃபெசன்ட் டெயில் நிம்ஃபை, ஃபெசன்ட் என்னும் பறவையின் சேவலின் வால் இழைகளையும் மெல்லிய செம்புக் கம்பியையும் மட்டும் கொண்டு கட்டினார். கம்பியே நூலாகவும் எடையாகவும் வேலை செய்தது.

கேள்வி (சிங்கப்பூர்): 8/0 வாங்குவதா, 6/0 வாங்குவதா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். டெனியர்.

கேள்வி (உதகமண்டலம்): நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள் அடங்கிய பெட்டி ஒன்று விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அவற்றில் பெரும்பகுதி எந்த ஈக்கும் பொருந்தாத மட்ட இறகுகளாகவே இருக்கும். எந்த ஈயைக் கட்டப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். ஊலி பகர் என்ற எளிய ஈயில் தொடங்கலாம்: 10 அளவு முள், வாலுக்கு மராபூ என்னும் மென்மையான இறகு, உடலுக்குச் செனில் என்னும் பஞ்சு போன்ற தடித்த இழை, அதன் மேல் சுற்ற ஒரு சேவல் இறகு, 140 டெனியர் நூல். பெயர் மராபூ நாரையுடையது என்றாலும் இன்று கடையில் கிடைப்பது வான்கோழியின் இறகு. உங்கள் ஊர்ச் சந்தையின் நாட்டுச் சேவல் கழுத்து இறகே இந்த ஈக்குப் போதும். சோப்பு நீரில் அலசி, நன்றாக உலர்த்தி, உறையிலிட்டுச் சில நாள் உறைபெட்டியில் வைத்தபின் பயன்படுத்துங்கள். இல்லையெனில் அந்துப்பூச்சி மற்ற இறகுகளையும் தின்றுவிடும். நீர்மேல் மிதக்கும் ஈக்கு மட்டும் விறைப்பான, நீரை உறிஞ்சாத இழைகள் வேண்டும். அதற்கென வளர்க்கப்படும் சேவல்களின் இறகை வாங்குவதே நல்லது.

கேள்வி (கோத்தகிரி): இங்கே சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகு சிலரிடம் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: கூடவே கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் பறவை அது. இந்தியத் தீபகற்பத்தைத் தவிர வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை. மெழுகுத் துளி போன்ற அதன் கழுத்துப் புள்ளிகளுக்காகவே ஐரோப்பியச் சால்மன் ஈக் கட்டுநர்கள் அந்த இறகை மூட்டை மூட்டையாக வாங்கினார்கள்.

மறுப்பு (டொராண்டோ): ஜாக் ஸ்காட் போன்ற மரபு ஈயைக் காட்டுக்கோழி இறகு இல்லாமல் கட்டினால் அது ஜாக் ஸ்காட்டே அல்ல. பிரிட்டனில் இப்பறவையைப் பண்ணையில் வளர்க்கிறார்கள். எல்லோரையும் குற்றவாளியாக்குகிறீர்களே.

பதில்: பண்ணைப் பறவையின் இறகை முறையான ஆவணத்தோடு வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. கோத்தகிரி நண்பர் கேட்டது பண்ணை இறகைப் பற்றியன்று.

மறுப்பு (டொராண்டோ): அப்படியென்றால் பழைய, சட்டத்துக்கு முந்தைய இறகுகள்? அழகுக்காகக் கட்டும் ஈயில் மாற்றுப் பொருள் எடுபடாது.

பதில்: பழையது என்ற சொல்லை நிரூபிப்பது யார்? 2009இல் இங்கிலாந்தின் ட்ரிங் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத் தோல்கள் திருடப்பட்டன. திருடியவர் மரபுச் சால்மன் ஈக்களைக் கட்டிய ஓர் இளைஞர். அந்த இறகுகள் இத்துறையினருக்கே விற்கப்பட்டன. வாங்கியவர்களில் எத்தனை பேர் மூலத்தைக் கேட்டிருப்பார்கள்? சாயம் தோய்த்த வான்கோழி இறகில் கட்டப்பட்ட சால்மன் ஈயும் மீன் பிடிக்கும். கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டுவதற்காகக் கட்டுபவருக்கு மீனின் கருத்து தேவையில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இதற்குமேல் இதை நீட்டப்போவதில்லை.

கேள்வி (மூணாறு): மயிலிறகு இழை உடனே அறுந்துவிடுகிறது. 6/0 நூல் போதாதா?

பதில்: டெனியர் என்று இனிமேல் எழுத மாட்டேன். மயில் இழை இயல்பாகவே எளிதில் ஒடியும். மூன்று நான்கு இழைகளை நூலோடு சேர்த்து முறுக்கிக் கயிறாக்கிச் சுற்றுங்கள், அல்லது சுற்றியபின் மெல்லிய செம்புக் கம்பியை எதிர்த்திசையில் ஓட்டுங்கள். நூலும் அறுகிறதென்றால் பாபின் குழாயின் விளிம்பில் பிசிர் இருக்கிறதா என்று பாருங்கள். பீங்கான் குழாயில் அந்தத் தொல்லை இல்லை.

கேள்வி (கோவை): ஈயின் தலையில் கடைசியாகப் போடும் முடிச்சுக்குத் தனி வார்னிஷ் வேண்டுமா?

பதில்: நிறமற்ற நகப்பூச்சு போதும். முள்ளின் கண்ணை அடைத்துவிடாமல் ஊசி முனையால் ஒரு சொட்டு வையுங்கள்.