விழுகிறவனுக்கு நம்பிக்கை உண்டா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வாசகர்களின் கேள்விகளுக்கு, மெதடிஸ்த திருச்சபையின் மூத்த பிரசங்கியார் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி (பெரியகல்லாறு): ஐயா, கிறிஸ்துவை ஏற்று 15 ஆண்டுகளாகியும் அதே பாவத்தில் விழுகிறேன். நான் இரட்சிக்கப்பட்டவன்தானா?

பதில்: ஆடு மாடு மேயும் தரவையில் எதையும் எவரும் களை என்பதில்லை, விதைத்த வயலில்தான் களை களையாகத் தெரியும். உங்கள் துக்கத்தையும் அப்படியே பாருங்கள். "விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்று பவுல் ரோமர் 7:19இல் எழுதியது மனந்திரும்புமுன் இருந்த நிலையையா, பின்னர் இருந்த நிலையையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆதித் திருச்சபையின் பெரிய போதகரான அகுஸ்தீனே முதலில் ஒன்றைக் கூறி, முதிர்ந்த வயதில் அது அப்போஸ்தலனின் சொந்தக் குரல் என்று மாற்றிக்கொண்டார். நானும் அப்படியே வாசிக்கிறேன். இன்னொன்றையும் கவனியுங்கள்: வேதாகமத்தின் இன்றைய அதிகாரப் பிரிப்பு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. பவுலின் நிருபத்தில், "நிர்ப்பந்தமான மனுஷன் நான்!" (7:24) என்ற கதறலிலிருந்து "ஆக்கினைத்தீர்ப்பில்லை" (8:1) என்ற தீர்ப்புக்குப் போக ஒரு சில வரிகளே உள்ளன. நாமோ ஏழாம் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடிவிட்டு, இரவு முழுவதும் அழுகிறோம்.

கேள்வி (களுவாஞ்சிகுடி): ஆனால் ரோமர் 8:1இல் "மாம்சத்தின்படி நடவாமல்" என்ற நிபந்தனை இருக்கிறதே?

பதில்: நன்றாக வாசித்திருக்கிறீர்கள். மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அந்தச் சொற்றொடர் முதலாம் வசனத்தில் இல்லை. நான்காம் வசனத்தில்தான் உள்ளது. அங்கே அது மன்னிப்புக்கு விலையாக அல்ல, கிறிஸ்து செய்து முடித்ததன் பலனாகவே வருகிறது. மேலும், நடப்பவன் இடையில் தடுக்கி விழலாம். அதனால் அவன் போகும் திசை மாறிவிடுவதில்லை.

கேள்வி (அக்கரைப்பற்று): அப்படியானால் குடியை விடாமலே இருக்கலாமா?

பதில்: "கூடாதே" என்று ரோமர் 6:2 ஒரே சொல்லில் முடிக்கிறது. தவறணை இருக்கும் வீதியால் வீடு திரும்புவதை நிறுத்திவிட்டு, நம்பத்தக்க ஒருவரிடம் இன்றே அறிக்கையிடுங்கள் (யாக்கோபு 5:16).

கேள்வி (மட்டக்களப்பு): 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதலுக்குப் பின் என் மனதிலுள்ள வெறுப்பு போகவில்லை. இதுவும் பாவமா?

பதில்: சீயோன் தேவாலயத்தில் நடந்ததற்குக் கோபங்கொள்வது பாவமன்று. அந்தக் கோபத்தை, அதில் பங்கில்லாத அயலவர்மேல் திருப்புவதே பாவம். சங்கீதக்காரர்கள் தங்கள் கசப்பை மறைக்காமல் தேவனிடமே கொட்டினார்கள். மன்னிப்பு தாமதமாக வருகிறதென்று உங்களை நீங்களே தண்டிக்காதீர்கள்.

கேள்வி (கல்முனை): சுத்தமாகும்வரை திருவிருந்தில் பங்குபெறாமல் இருக்கிறேன். இது சரிதானே?

பதில்: இல்லை, மகள். தன்னைச் சோதித்தறிந்து விலகியிருக்க வேண்டுமென்று 1 கொரிந்தியர் 11:28 கூறவில்லை. சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசிக்கவே கூறுகிறது. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய எங்கள் ஜோன் வெஸ்லியும் திருவிருந்தைத் தேறியவர்களுக்கு மட்டும் உரியதாக எண்ணாமல், மனந்திருப்பும் கிருபையின் சாதனமாகவே கருதினார். வரும் ஆராதனையில் நீங்களும் முன்னே வந்து முழந்தாளிடுங்கள்.