விவாகரத்தா, மணவிலக்கா?

கேள்வி: விவாகரத்து, மணமுறிவு, மணவிலக்கு என்று மூன்று விதமாக எழுதுகிறார்கள். மூன்றும் ஒன்றுதானா? இவற்றுள் எது தமிழ்? (வாசகி, ஈசூன்)

பதில்: ‘விவாகம்’ வடமொழி, ‘ரத்து’ என்பதோ, திருப்பி அனுப்புதல், மறுத்தல் என்னும் பொருளுடைய ‘ரத்’ என்ற அரபுச் சொல், பாரசீகம், உருது ஆகியவற்றின் வழியாக அலுவலக வழக்கில் புகுந்து தமிழில் நிலைத்த வடிவம். இரண்டும் இணைந்த ‘விவாகரத்து’ இன்று எல்லாருக்கும் விளங்கும் சொல்லாகிவிட்டதால், அதை எழுதுவது பிழையென்று நான் கருதவில்லை.

இச்சொல் வழக்குக்கு வருமுன்பே, மணவாழ்வை முறைப்படி முடித்துக்கொள்ளும் வழக்கம் தமிழரிடையே இருந்தது. ஊர்ப் பஞ்சாயத்தில் ‘தீர்த்துவிடுதல்’, ‘அறுத்துவிடுதல்’ என்பவை இன்றும் பெரியவர்களின் பேச்சில் உண்டு. மதுரைச் சீமையில் சில சமூகத்தார் உறவினர் முன்னிலையில் ஒரு துரும்பைக் கொடுத்து மண உறவை முடித்துக்கொண்டனர். ‘துரும்பு கொடுத்தல்’ என்றாலே அதுதான் பொருள். நம் மரபில் இதற்கு இடமே இருந்ததில்லை என்று பொதுவாகச் சொல்லப்படுவது எல்லாச் சமூகங்களுக்கும் பொருந்தாது என்பதை இவ்வழக்குகள் காட்டுகின்றன.

மணமுறிவு, மணவிலக்கு ஆகிய இரண்டும் ‘மணம்’ என்னும் தமிழ்ச் சொல்லின் அடியாக அமைந்தவை; பலரும் இவற்றை ஒரே பொருளில் ஆள்கின்றனர். ஆனால் சிங்கப்பூர்ச் சட்டத்தை விளக்கும்போது இவற்றைப் பிரித்து ஆள்வதே தெளிவு தரும் என்பது என் கருத்து. 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனத்தின்படி, முஸ்லிம் அல்லாத தம்பதியர் பிரிவதற்குரிய அடிப்படை ஒன்றே: திருமணம் மீட்க முடியாதபடி முறிந்துபோயிருக்க வேண்டும். துணைவரின் தகாத உறவு, பொறுக்க முடியாத நடத்தை, கைவிட்டுச் செல்லுதல், குறித்த ஆண்டுகள் பிரிந்து வாழ்தல் ஆகியவை அந்த முறிவை மெய்ப்பிக்கும் சான்றுகள். 2024 ஜூலை முதல், இருவரும் ஒருமித்து ஒப்புக்கொள்வதும் அவற்றுடன் சேர்ந்துள்ளது. ஆகவே, முறிவு என்பது மணவாழ்வுக்கு நேர்ந்த நிலை. விலக்கு என்பது அதை ஆராய்ந்து நீதிமன்றம் அளிக்கும் தீர்வு. முதலில் இடைக்காலத் தீர்ப்பும், பொதுவாக 3 மாதங்களுக்குப் பின் இறுதித் தீர்ப்பும் வரும். இறுதித் தீர்ப்பு வரும்வரை அவர்கள் சட்டப்படி கணவன் மனைவியே என்பதால், பிரிந்து வாழ்பவரை ‘மணவிலக்குப் பெற்றவர்’ என்று எழுதிவிடக் கூடாது.

கணவனைப் பிரிந்து தாய்வீட்டில் இருக்கும் பெண்ணை ‘வாழாவெட்டி’ என்று குறிக்கும் வழக்கத்தை நாம் அறவே விட்டொழிக்க வேண்டும். அதே நிலையில் உள்ள ஆணைப் பழிக்க அப்படி ஒரு சொல் தமிழில் இல்லை. பழி முழுவதையும் பெண்ணின் தலையில் சுமத்துகிற அச்சொல்லைச் செய்தியிலோ கதையிலோ காணும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

கேள்வி: ‘தலாக்’ என்பதை விவாகரத்து என்று மொழிபெயர்க்கலாமா? (வாசகர், தெம்பனிஸ்)

பதில்: பொதுவாகக் குறிப்பிடும்போது எழுதலாம். ஆனால் தலாக் என்பது கணவன் மண உறவிலிருந்து மனைவியை விடுவிக்கும் முறையை மட்டுமே குறிக்கும். மனைவி ஈடு கொடுத்து விடுதலை பெறுவது ‘குலா’. தக்க காரணம் காட்டி மனைவி முறையிடும்போது நீதிமன்றம் மணத்தை நீக்குவது ‘பஸ்கு’. சிங்கப்பூரில் முஸ்லிம்களின் மணவிலக்கு வழக்குகளை ஷரியா நீதிமன்றம் விசாரிப்பதால், அவ்வழக்குகளைப் பற்றி எழுதும்போது இம்மூன்றையும் அவற்றின் பெயராலேயே குறிப்பிடுவது நல்லது.