ஆறாம் நாள் பிரித்த முட்டு

கேள்வி: ஐயா, எனக்கு 43 வயது. இருபது வருஷமாக சென்ட்ரிங் வேலை, அதாவது காங்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்க அடியில் ஷீட்டும், ஜாக்கி என்கிற முட்டும் வைக்கும் வேலை. இப்போது ஆறு பேரை வைத்து மேஸ்திரியாக இருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நர்சரி பள்ளிக்கு ரூஃப் போட்டோம். 18 அடி அறை. ஆறாம் நாளே கான்ட்ராக்டர் வந்து, “ஷீட்டும் ஜாக்கியும் அடுத்த சைட்டுக்கு வேணும், பிரி” என்றார். இன்னும் எட்டு நாள் போகட்டும் என்றேன். “இன்ஜினீயர் நானா நீயா?” என்றார். பிரித்துவிட்டேன். நடு முட்டைத் தட்டும்போது மேலே ஒரு சத்தம் கேட்டது. எதுவும் விழவில்லை, பள்ளி நடக்கிறது. ஆனால் மழை பெய்தால் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டேன். கோயிலில் பரிகாரம் செய்தும் தீரவில்லை. மனைவி டாக்டரிடம் போகச் சொல்கிறாள். இது வியாதியா?
பெயர் வேண்டாம் என்ற வாசகர், திண்டிவனம்

பதில்: தம்பி, முதலில் அந்த ரூஃபைப் பார்ப்போம். உங்கள் மனசு அதன் அடியில்தான் நிற்கிறது.

உங்கள் 18 அடி சுமார் ஐந்தரை மீட்டர். நாலரை மீட்டருக்கு மேல் அகலமுள்ள ரூஃபுக்கு முட்டு 14 நாள் இருக்க வேண்டும் என்கிறது காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. நீங்கள் கேட்ட எட்டு நாளைக் கூட்டிப் பாருங்கள், அதே கணக்குதான். நீங்கள் சொன்னது சரி. பச்சைக் காங்கிரீட்டுக்குப் பெரிய ஆபத்து முட்டை எடுக்கும் அன்றும் அடுத்த சில வாரங்களிலும்தான். அப்புறம் அது இறுகிக்கொண்டே போகும். இரண்டு வருஷம் நின்றிருப்பது நல்ல அறிகுறி. ஆனால் நடுவில் தொய்வு, அடியில் விரிசல், அதில் தண்ணீர் இறங்கிக் கம்பியில் துரு என்று மிச்சம் இருக்கலாம். அதைப் பார்த்தே ஆக வேண்டும், அங்கே குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பள்ளி நிர்வாகியிடம் போய் நடந்ததைச் சொல்லுங்கள். சுவருக்குச் சுவர் நூல் கட்டித் தொய்வை அளந்து காட்டுங்கள். ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரை வரவழைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். கான்ட்ராக்டர் இனிமேல் வேலை தரமாட்டார் என்ற பயம் எனக்குப் புரிகிறது. அது சின்ன பயமும் இல்லை.

நானும் இதில் நின்றிருக்கிறேன். 1998இல் ஒரு வீட்டில் பில்லர் அடியில் காங்கிரீட் இறங்காமல் தேன்கூடு மாதிரி இருந்தது. மேலே பூசி மறைத்தார்கள். சைட் இன்ஜினீயரான நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எட்டு மாதம் கழித்துத்தான் வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். வாசலில் நிற்க வைத்து அரை மணி நேரம் திட்டினார். பூச்சை உடைத்து, பில்லரைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டிக் காங்கிரீட் போட்டோம். அன்று இரவு தூங்கினேன்.

உங்களுக்கு இருப்பதை வியாதி என்று சொல்லமாட்டேன். அமெரிக்காவில் வியட்நாம் போர் வீரர்களுக்கு வைத்தியம் பார்த்த ஜோனதன் ஷே என்ற மனநல மருத்துவர் இதை அறக்காயம் என்ற பொருளில் பேசினார். அதிகாரத்தில் இருப்பவரே சரியானதை மீறும்போது அவருக்குக் கீழே இருப்பவன் மனசில் விழுகிற காயம் அது. தப்பு என்று தெரிந்ததால்தான் உங்களுக்கு வலிக்கிறது. உத்தரவு போட்டவர் பங்கையும் சேர்த்து நீங்கள் ஒருவரே சுமக்கிறீர்கள், அது நியாயமில்லை. ஆனாலும் இரண்டு வருஷம் தூக்கம் கெட்டிருக்கிறது, உங்கள் மனைவி சொல்வதைக் கேளுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அடுத்த முறை ஷீட் அவசரம் என்று வந்தால் ஒரு வழி இருக்கிறது. 3 நாளில் ரூஃபுக்கு அடியில் உள்ள ஷீட்டை எடுத்து, எடுத்த இடத்தில் உடனே முட்டைத் திரும்ப வைக்க அதே விதி அனுமதிக்கிறது. சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் என்றால் இன்னும் சில நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷீட் போகட்டும், முட்டு நிற்கட்டும் என்று வீட்டுக்காரர் இருக்கும்போதே சொல்லுங்கள். ரூஃப் போட்ட தேதியைப் பீமில் பெயின்டால் எழுதி வையுங்கள்.

பள்ளிக்குத் தனியாகப் போக வேண்டாம், கூட வேலை செய்த ஒருவரை அழைத்துப் போங்கள். நூலில் எத்தனை மில்லிமீட்டர் தொய்வு வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.