போனவர்கள் போட்ட ஓட்டு

கேள்வி: லஞ்சம் பொறுக்காமல் வெளிநாடு போகிறவர்களால் பிறந்த நாட்டில் ஊழல் குறையுமா, கூடுமா? எங்கள் வீட்டில் தினமும் இதே சண்டை.
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: இரண்டும் நடக்கும். ருமேனியாவைப் பாருங்கள். 2007-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு அங்கிருந்து டாக்டர்கள்கூடக் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். டாக்டரின் கோட்டுப் பையில் நோயாளி வீட்டார் கவர் செருகும் வழக்கம் மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது. இத்தாலியில் முதியவர்களைக் குளிப்பாட்டிச் சம்பாதித்து மகள் அனுப்பும் யூரோ, அம்மாவின் ஆபரேஷனுக்காக அந்தக் கவருக்குள் போகும். பணம் வரவர, கேட்கிற தொகையும் ஏறும்.

ஆனால் ஓட்டு வேறு வேலை செய்தது. 2014 நவம்பர் அதிபர் தேர்தலில் பாரிஸ், லண்டன், மியூனிக் வாக்குச்சாவடிகளில் மணிக்கணக்கில் வரிசை. போதிய சாவடிகள் இல்லாததால் பலர் ஓட்டுப் போடாமலே திரும்பினார்கள். அதைப் பார்த்து உள்ளூர்க்காரர்கள் தெருவில் இறங்கினார்கள். வெளியுறவு அமைச்சர் பதவி விலகினார். அவருக்குப் பின் வந்தவரும் இரண்டாம் சுற்று முடிந்த கையோடு விலகினார். முதல் சுற்றில் பின்தங்கிய எதிர்க்கட்சி வேட்பாளர் கிளாவுஸ் யோஹானிஸ், பிரதமர் விக்டர் பொன்டாவை வீழ்த்தினார்.

2018 ஆகஸ்ட் 10 அன்று, வெளிநாட்டிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்தவர்கள் தலைநகர் புகாரெஸ்ட்டில் கூடி அரசுக்கு எதிராகக் கோஷம் போட்டார்கள். கண்ணீர்ப் புகை வீச்சில் நானூறு பேருக்கு மேல் சிகிச்சை தேவைப்பட்டது. அடுத்த ஆண்டு மே 27-ல் ஆளுங்கட்சித் தலைவர் லிவியு டிராக்னியா மூன்றரை ஆண்டுத் தண்டனையோடு சிறைக்குப் போனார். குற்றம் என்ன தெரியுமா? கட்சி வேலை பார்த்த இரண்டு பெண்களுக்குக் குழந்தைகள் நல அலுவலகக் கணக்கில் சம்பளம்! தாலுகா அலுவலகத்தில் காலம் தள்ளிய எனக்கு, இதற்கெல்லாமா ஜெயில் என்று வாய் பிளக்கத் தோன்றியது. தண்டித்தது நீதிமன்றம்தான், ஊர்வலம் அல்ல. ஆனால் ஊழல் வழக்குகளை நீர்த்துப்போகச் செய்யச் சட்டத்தைத் திருத்தப் பார்த்தவர்களை அத்தனை கூட்டம் கொஞ்சம் யோசிக்க வைத்தது.

புலம்பெயர்ந்தவர்களை ஒரேயடியாகக் கொண்டாடவும் வேண்டாம். 2025 அதிபர் தேர்தலில் வெளிநாட்டு ருமேனியர்களில் பெரும்பான்மையோர் தீவிர தேசியவாதியான ஜார்ஜ் சிமியோனுக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். உள்நாட்டு ஓட்டுகள்தான் அவரைத் தோற்கடித்தன.

கேள்வி: துபாயில் இருக்கும் என் தம்பிக்கும் அப்படி ஓட்டுப் போட வழி உண்டா?
– அதே வாசகி

பதில்: இந்தியக் குடியுரிமை இருந்தால் பெயர் சேர்த்துக்கொள்ளலாம், 2010-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் பாஸ்போர்ட்டோடு சொந்த ஊர்ச் சாவடிக்கு நேரில் வர வேண்டும். விமான டிக்கெட் காசை அவரேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.